யாழ்ப்பாணமும் சென்னையும் : தொலைவும் பயணப் பொழுதும்

இரண்டு நகரங்கட்கு இடைப்பட்ட தொலைவு யாது என்னும் வினா மிக எளியது போலத் தோன்றும். நிலப்படத்தை விரித்து, இரு புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, அளவுகோலை வைத்துப் பார்த்த அளவில் விடை கிடைத்துவிடும் எனப் பலரும் கருதுவர். இலக்கிய வரலாறு எழுதுவோரும் இவ்வெண்ணத்திற்கு விலக்கல்லர். யாழ்ப்பாணம் தமிழகத்திற்கு மிக அண்மையில் உள்ளது, ஆதலின் இரு நாட்டுப் புலவரும் இடையறாது கலந்து பழகினர் என்னும் கருத்து, சொல் மாறியும் மாறாமலும் பல நூல்களில் இடம்பெறக் காண்கின்றோம். அண்மை என்பதைக் காரணமாகவும் கலப்பு என்பதைக் காரியமாகவும் கொள்ளும் இம்முறை ஆராயத்தக்கது. அண்மை என்றும் உள்ளது. கலப்போ சில காலம் செழித்தும் சில காலம் நலிந்தும் சில காலம் அற்றும் போயிருக்கின்றது. மாறாத ஒன்று மாறும் ஒன்றிற்குத் தனிக் காரணம் ஆதல் எங்ஙனம்?

இவ்விரு நகர்களையும் இணைக்கும் தொலைவு, நிலப்படத்தில் உள்ள தொலைவன்று. அவ்வக் காலத்தில் எவ்வழி திறந்திருந்ததோ அவ்வழியின் தொலைவே, அவ்வழியிற் கழிந்த பொழுதே, மக்கள் உண்மையில் கடந்த தொலைவு என்பது எம் கருத்து. அதனை வானூர்திக் காலத்தினைச் சிறப்பாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அளவு. சென்னை மீனம்பாக்கத்து வானூர்தி நிலையம் வடக்கு அகலக்கோடு 12.99 பாகையில் உள்ளது. யாழ்ப்பாணத்துப் பலாலி நிலையம் 9.79 பாகையில் உள்ளது. கிழக்கு நெடுக்கோடு முன்னதற்கு 80.17 பாகை, பின்னதற்கு 80.07 பாகை. எனவே இரண்டும் ஏறத்தாழ ஒரே நெடுக்கோட்டில் அமைந்தவை. இவ்வமைப்பினால் தொலைவைக் காண்பதற்குக் கடுங்கணிதம் வேண்டுவதில்லை. அகலக்கோட்டின் வேறுபாடு 3.2 பாகை. ஒரு பாகைக்கு 60 கலை. ஒரு கலைக்கு ஒரு கடல் மைல். ஆகவே 192 கடல் மைல், அஃதாவது ஏறத்தாழ 355 கிலோமீட்டர், பழைய கணக்கில் 220 மைல். இரண்டு இடத்தும் ஞாயிறு உச்சியடையும் பொழுது அரை நிமிடம் கூட வேறுபடுவதில்லை.

இன்னும் ஒன்று நோக்கத்தக்கது. கொழும்பின் பழைய வானூர்தி நிலையமாகிய இரத்மலானை 6.82 பாகை வடக்கிலும் 79.89 பாகை கிழக்கிலும் உள்ளது. கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை ஆகிய மூன்றும் வடக்குத் தெற்காக ஒரு நூல் பிடித்தாற்போல நிற்கின்றன. இரத்மலானையிலிருந்து சென்னைக்கு நேரே பறந்தாலும், இடையே பலாலியில் இறங்கிப் பின் பறந்தாலும், பறக்கும் தொலைவு ஏறத்தாழ 685 கிலோமீட்டரே. வேறுபாடு ஒரு கிலோமீட்டர் அளவினது. நூலின் நடுவே கோத்த மணி போன்றது யாழ்ப்பாணம். இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இச்செய்தி இன்றியமையாதது.

காப்பியம் கூறும் வான்வழி

இக்கடலைத் தாண்டிய வான்பயணம் ஒன்று தமிழிலக்கியத்தில் பழமையாகவே பதிவாகியிருப்பதை அறிஞர் அறிவர். மணிமேகலைக் காப்பியத்தில், உவவனத்தில் துயின்ற மணிமேகலையை மணிமேகலா தெய்வம் எடுத்துச் சென்று மணிபல்லவத் தீவில் வைத்துவிட்டு நீங்குகின்றது. இதனைக் கூறும் சாத்தனார், வான்வழியே சென்றமையையும், சென்ற திசை தெற்கு என்பதையும், சென்ற தொலைவு முப்பது யோசனை என்பதையும் தெளிவாகச் சுட்டுகின்றார். தெய்வச் செயலைப் பாடுங்கால் திசையும் தொலைவும் கூறவேண்டிய கடப்பாடு புலவர்க்கு இல்லை. கூறினார் என்பதே கருதத்தக்கது.

மணிபல்லவம் யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவு என்பது பலர் கொண்ட முடிபு, மறுப்போரும் உளர். அம்முடிபைக் கொண்டு பார்ப்பின், புகாரிலிருந்து நயினாதீவு நேர் தெற்கே ஏறத்தாழ 170 கிலோமீட்டர். திசை சிறிதும் பிழைபடவில்லை. தொலைவோ இடர்ப்பாடு தருகின்றது. யோசனையின் அளவு காலந்தோறும் நூல்தோறும் வேறுபடுவது. அதனை 8 கிலோமீட்டர் எனக் கொண்டால் முப்பது யோசனை 240 கிலோமீட்டர் ஆகும். 14 எனக் கொண்டால் 420 ஆகும். 170 ஆவதற்கு ஒரு யோசனை ஆறு கிலோமீட்டருக்கும் குறைவாதல் வேண்டும். இதனைக் கொண்டு மணிபல்லவம் நயினாதீவன்று என முடிவு கட்டுவது விரைவுடைமை. யோசனையை இழுத்துக் குறுக்கி இரண்டையும் பொருத்திக் காட்டுவது அதனினும் விரைவுடைமை. முப்பது என்பது, கப்பலோட்டிகள் வாய்வழக்கில் நின்ற ஒரு முழுத்தொகை ஆகலாம் என்று யாம் கருதுகின்றோம். திசையை மாலுமி பிழைத்தால் கப்பல் கரை சேராது; தொலைவை முழுத்தொகையாகக் கூறுவதால் அவனுக்கு இழப்பு ஒன்றுமில்லை. எனவே திசை செவ்விதாகவும் தொலைவு நெகிழ்ந்தும் வருதல் இயல்பே.

பொழுதையும் காப்பியம் கூறாமல் விடவில்லை. மணிமேகலையைத் தீவில் வைத்த தெய்வம் அவ்விரவே புகாருக்கு மீண்டு சுதமதியை எழுப்பிச் செய்தி உரைக்கின்றது. போதலும் மீளலும் ஓர் இரவுக்குள் முடிகின்றன. மணிமேகலையோ புலர்ந்தபின் அறியாத மணற்பரப்பில் கண் விழிக்கின்றாள். அதே காப்பியத்தில் கடல்வழியும் வருகின்றது. சாவகம் நோக்கிச் சென்ற கலம் மணிபல்லவத்தில் ஒரு நாள் தங்கிற்று என்பதும், அதிலிருந்து இறங்கிய ஆபுத்திரனை விட்டுவிட்டு அது சென்றது என்பதும் கதை. வழியிடைத் தங்குதல் கலத்திற்கு உண்டு. வானில் செல்வார்க்கு இல்லை. இவ்வேறுபாட்டைச் சாத்தனார் நன்கு உணர்ந்திருக்கின்றார்.

மகாவமிசம் தொலைவைக் கூறும் முறை வேறு. தேவனாம்பிய திச்சனின் தூதுவர் சம்புகோளத் துறையில் கலமேறி, ஏழு நாளில் துறைமுகம் சேர்ந்து, பின்னும் ஏழு நாளில் பாடலிபுத்திரம் அடைந்தனர் என்பது அந்நூல். இங்கே யோசனை இல்லை, நாள் மட்டுமே. சம்புகோளம் என்பது மாதகலை அடுத்த சம்பில்துறை என்பர். பலாலி ஓடுபாதையிலிருந்து அது சில கிலோமீட்டர் தொலைவே. அந்நூலாசிரியர் வழிச்செல்வோர் கணக்கைப் பதிவு செய்தார். சாத்தனார் அதனோடு அளவையும் சேர்த்தார். வரலாற்றுக்கு இரண்டும் வேண்டும். ஆயின் நிலப்படம் கைக்கு எளிதாய்க் கிட்டிய பின்னர் நம்மவர் முன்னதை மறந்தனர்.

பாய்க்கலமும் புகைவண்டியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து சோழமண்டலக் கரைக்குச் செல்வோர் பாய்த்தோணிகளையே நம்பியிருந்தனர். ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை ஆகிய துறைகளிலிருந்து நாகப்பட்டினம், வேதாரணியம் முதலிய இடங்கட்குத் தோணிகள் சென்றன. கடல் சிறிது, ஆனால் காற்று தன் விருப்பிற்கு உரியது. சோழகம் வீசும் திங்களில் வடக்கே போதல் எளிது. வாடை வீசும் திங்களில் தெற்கே வருதல் எளிது. மாரிக்காலத்தில் தோணிகளைக் கரையேற்றிவிடுதலும் உண்டு. எனவே ஒரே கடல் ஒரு திங்களில் ஒரு நாள் அகலமும், மற்றொரு திங்களில் பல நாள் அகலமும் உடையதாயிற்று.

ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டில் அச்சியந்திரம் பெறும் பொருட்டுத் தம் மாணவர் சதாசிவம்பிள்ளையுடன் கடல் கடந்து, திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் என்னும் பட்டம் பெற்றுச் சென்னை சென்றதும், யந்திரத்துடன் மீண்டு வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவியதும் யாவரும் அறிந்தவை. பின்னர்ச் சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் அவர் அச்சகம் அமைத்தார். 1864இல் சிதம்பரத்தில் பள்ளி தோற்றுவித்தார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம் பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராய் விளங்கி, வீரசோழியத்தை 1881இலும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். இவர்தம் வாழ்வை அண்மையின் பயன் எனக் கூறிவிடுவது அவர்தம் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதாகும். இரு கரையிலும் அச்சகம் வைத்து நடத்தியவர், ஏடும் எழுத்தும் காற்றுக்குக் காத்திருக்கும் நிலையை அறியாது நடத்தியிருத்தல் இயலாது. ஓர் அச்சகம் போதுமாயின் இரண்டு எதற்கு?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழி மாறிற்று. 1905இல் யாழ்ப்பாணத்திற்கும் கொழும்புக்கும் இடையே இருப்புப்பாதை முழுமையாயிற்று. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றுத் தனுட்கோடி வரை சென்னை வண்டி ஓடியது. அங்கிருந்து தலைமன்னார்க்கு 35 கிலோமீட்டர் நீராவிக் கப்பல். போட் மெயில் என மக்கள் வழங்கிய இத்தொடர்வழி சென்னையையும் கொழும்பையும் இணைப்பதற்கென அமைந்தது. யாழ்ப்பாணத்தார் இதனைக் கொள்ள வேண்டுமாயின், முதலில் தெற்கே மதவாச்சி வரை வந்து, அங்கிருந்து வடமேற்கே தலைமன்னார்க்குத் திரும்பிக் கடல் கடந்து, தனுட்கோடியிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே செல்லுதல் வேண்டும். மொத்தம் 900 கிலோமீட்டரை ஒட்டியது. நேர்த்தொலைவினும் இரண்டரை மடங்கு. எனினும் மக்கள் அதனையே விரும்பினர் என்பதில் வியப்பில்லை. காற்றுக்குக் காத்திராமல், இன்ன நாள் இன்ன மணிக்குச் சேர்வோம் என்று கூறக்கூடிய வழி அதுவே. தொலைவு மிகுந்தும் உறுதி மிகுந்தமையால் அண்மை கூடிற்று என்று கூறினும் பொருந்தும்.

இவ்வழி யாவர்க்கும் ஒரே நீளமுடையதாய் இருக்கவில்லை என்பதையும் மறத்தல் ஆகாது. மலைநாட்டுத் தோட்டங்கட்குச் சென்ற தொழிலாளரை மண்டபம் முகாமில் நோய்த்தடுப்பின் பொருட்டுச் சில நாள் நிறுத்தி வைத்தே அனுப்பினர். உயர்வகுப்புப் பயணி ஒருவர் சில மணிப் பொழுதில் கடந்த அதே கடலைத் தொழிலாளர் நாட்கணக்கில் கடந்தனர். இருவரும் சென்ற கப்பல் ஒன்றே ஆகலாம்.

1964 திசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுட்கோடி அழிந்தது. இருப்புப்பாதையும் துறையும் மீள அமைக்கப்படவில்லை. இராமேசுவரத்திலிருந்து தலைமன்னார்க்குக் கப்பல் பின்னும் ஓடியது. 1980களின் நடுவில் போர்க்காலத்தில் அதுவும் நின்றது.

வானூர்தி வந்த பின்னர்

சென்னைக்கு முறையான வான்வழி அஞ்சல் 1932இல் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து புறப்பட்ட வானூர்தியைப் பம்பாய் வரை ஜே. ஆர். டி. டாட்டா செலுத்தினார், அங்கிருந்து சென்னைக்கு நெவில் வின்சென்ட் கொணர்ந்தார். 1935 நவம்பரில் சென்னைப் பறத்தற் கழகத்தைச் சேர்ந்த சிறு வானூர்தி ஒன்று இரத்மலானையில் இறங்கிற்று. 1938இல் டாட்டா அஞ்சல் வழி திருச்சிராப்பள்ளி வழியே கொழும்பு வரை நீண்டது. யாழ்ப்பாணத்திற்கு அப்பொழுது இறங்குதுறை இல்லை. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படையால் அமைக்கப்பெற்றது. போரின் பொருட்டுச் செய்தது பின்னர்ப் பயணத்திற்குப் பயன்பட்டது. அதன்பின் பயணத்திற்கு உரியது மீண்டும் போருக்கு உரியதாயிற்று.

1947 திசம்பர் 10ஆம் நாள், புதிதாகத் தோன்றிய ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் வானூர்தி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. காங்கேசன்துறை என அக்காலத்தார் குறித்தது பலாலி நிலையத்தையே. இலங்கை விடுதலை பெறுவதற்கு இரண்டு திங்கள் இருந்த காலம் அது. நாட்டின் முதல் வணிக வான்பயணத்திற்கே இவ்வழியைத் தேர்ந்தனர் என்பது எளிதிற் கடந்துபோகத்தக்க செய்தியன்று. மூன்று நகரும் ஒரே நேர்க்கோட்டில் நிற்றலை முன்னர்க் காட்டினோம். இடையே இறங்குவதால் தொலைவு கூடவில்லை. பயணிகளும் அஞ்சலும் கூடினர். வணிகக் கணக்கிற்கும் நிலக்கணக்கிற்கும் இவ்வழி முற்றும் பொருந்திற்று.

அந்நிறுவனம் பயன்படுத்திய டக்கோட்டா வானூர்தி மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர் விரைவில் செல்வது. 355 கிலோமீட்டரை அவ்விரைவால் வகுத்தால் 79 நிமிடம் வரும். மேலெழுதற்கும் இறங்குதற்கும் ஆகும் பொழுதைச் சேர்த்து ஒன்றரை மணி எனக் கொள்ளலாம். நாவலர் காலத்தில் நாட்கணக்காயும் இருப்புப்பாதைக் காலத்தில் இரவும் பகலுமாயும் இருந்த தொலைவு ஒன்றரை மணிப் பொழுதாகச் சுருங்கிற்று. சாத்தனார் கூறிய தெற்கு நோக்கிய நேர்வழி மீண்டும் கிடைத்தது. நேர்க்கோட்டில் பறக்கும் வானூர்தி மாமல்லபுரத்திற்குச் சிறிது தெற்கே கரையை விட்டுக் கடல்மேற் செல்லும். காவிரி கடலொடு கலக்கும் இடத்திற்குக் கிழக்கே 30 கிலோமீட்டருக்குள்ளாகவே அதன் வழி அமைகின்றது. வலப்புறத்தே அமர்ந்து மேற்கே நோக்குவார் கண்ணுக்குத் தெளிந்த நாளில் புகார்க்கரை தோன்றக்கூடும்.

வான்வழி திறந்த காலத்திலேயே மற்றொரு தடை எழுந்தது. 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் பின்னர்க் கடவுச்சீட்டும் நுழைவு இசைவும் வேண்டியவாயின. பறக்கும் பொழுது மணியாகக் குறைந்தது; இசைவு பெறும் பொழுது நாளாகவும் திங்களாகவும் நீண்டது. வான்பயணத்தின் விரைவைப் புகழ்ந்து எழுதுவோர் இதனைப் பெரும்பாலும் கணக்கிற் சேர்ப்பதில்லை. ஏறியமரும் கணம் தொட்டே பயணம் தொடங்குவதாகக் கொள்வது நிறுவனங்கட்கு உகந்த கணக்கு. பயணி கணக்கு அதுவன்று.

நாற்பத்தோராண்டு

1970களின் இறுதியில், ஏர் சிலோன் நிறுவனம் முடிவுற்றபோது, பலாலியிலிருந்து தமிழகத்திற்குச் சென்ற வான்பயணமும் முடிவுற்றது. 1983க்குப் பின் நிகழ்ந்த போரில் பலாலி வான்படைத் தளமாயிற்று. 1990இல் சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். நேர்க்கோட்டின் நடுமணி அறுந்து வீழ்ந்தது. கொழும்புக்கும் சென்னைக்கும் இடையே வானூர்திகள் நாள்தோறும் பறந்தன. யாழ்ப்பாணத்தார்க்கு அவற்றுள் ஏறுதற்குக் கொழும்பு செல்வதன்றி வேறு வழியில்லை.

அவ்வழியின் அளவைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சாலைவழி ஏறத்தாழ 400 கிலோமீட்டர். கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு வான்வழி ஏறத்தாழ 645 கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்து 1,045. நேர்த்தொலைவின் மூன்று மடங்கு. வடக்கே செல்ல வேண்டிய ஒருவர் முதலில் தெற்கே 400 கிலோமீட்டர் செல்கின்றார். பின்னர் வடக்கே திரும்பிப் பறக்கின்றார். கட்டுநாயக்காவையும் சென்னையையும் இணைக்கும் நேர்க்கோட்டை நிலப்படத்தில் வரைந்தால் அது யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலாகச் செல்வது காணலாம். தம் வீட்டிலிருந்து புறப்பட்டு ஓர் இரவும் மறுநாட் பகலின் பெரும்பகுதியும் கழித்தவர், அக்கணக்கின்படி தம் வீட்டுக்கு நேர்மேலே வந்து நிற்கின்றார். அதன்பின்னரே உண்மையான 355 கிலோமீட்டர் தொடங்குகின்றது.

இதுவும் வழி திறந்திருந்த காலத்துக் கணக்கு. 1990 முதல் 2002 வரையும், 2006 முதல் போர் முடியும் வரையும் கண்டி வீதி மூடப்பட்டிருந்தது. கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகிற் கடந்தோர் பலர். கடந்து கரை சேராதோரும் உளர். திருகோணமலைக்குக் கப்பலுக்காகக் காத்திருந்தோர் பலர். பலாலியிலிருந்து கொழும்புக்கு உள்நாட்டு வானூர்திகள் சில காலம் பறந்தன. 1998 செப்டம்பர் 29ஆம் நாள் அவற்றுள் ஒன்று மன்னார்க்கு அண்மையில் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். இத்தகைய காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு எத்தனை மணி என்னும் வினாவுக்கு விடை எண்ணாக அமையாது. மன்னார்க் கரையிலிருந்து இரவில் இராமேசுவரத்திற்குப் படகேறியோர் எண்ணிறந்தோர். அவர்கள் கடந்தது 35 கிலோமீட்டர் கடல் என்று எழுதும் எழுதுகோலுக்குச் சிறிது தயக்கம் இருத்தல் நன்று.

தமிழாராய்ச்சிக்கு இதனால் நேர்ந்தது யாது என்பதைத் தனியே எண்ணிப் பார்க்க வேண்டும். 1981ஆம் ஆண்டு சூன் முதல் நாள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அச்சான நூல்களை யாழ்ப்பாணத்திலிருந்தே பயின்று வந்த மாணாக்கர்க்கு, அவற்றின் மறுபடிகளைத் தேடுவதற்கு உரிய இடம் சென்னையே. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தபின் அத்தேவைக்கு ஏற்ற இடமும் இருந்தது. அழிவு நேர்ந்ததும் நேர்வழி மூடியதும் ஏறத்தாழ ஒரே காலத்தில். எந்த நாளில் யாழ்ப்பாணத்து ஆய்வாளர்க்குச் சென்னை மிக வேண்டியதாயிற்றோ அந்த நாளிலேயே அது மூன்று மடங்கு தொலைவில் சென்று நின்றது. இக்காலத்து யாழ்ப்பாண ஆய்வுகளில் தமிழகத்து மூலங்கள் குறைவாக ஆளப்பட்டிருப்பதை ஆர்வக்குறைவாகவோ ஒதுங்கிய மனப்பான்மையாகவோ கூறுவோர், இக்கணக்கை ஒருமுறை இட்டுப் பார்த்தல் கடன். அண்மையைக் காரணமாகக் காட்டி நாவலர் காலத்தை விளக்கியவர்களே, அதே அண்மை நிற்கவும் நேர்ந்த பிரிவைப் புலமைக் குறைவால் விளக்குவார்களாயின், அவ்விளக்கத்தை யாம் ஏற்பதற்கில்லை.

கால அட்டவணையைக் கையாளும் மாணாக்கர்க்கு ஒரு குறிப்பு. இலங்கை 1906 முதல் பெரும்பாலும் இந்தியப் பொதுநேரத்தையே கைக்கொண்டது. எனினும் 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்தனர். அவ்வாண்டு அக்டோபரில் அதனை அரைமணியாகக் குறைத்தனர். 2006 ஏப்ரலிலேதான் பழைய நேரத்திற்கு மீண்டனர். ஆகவே இடைப்பட்ட பத்தாண்டில் அச்சான அட்டவணைகளில் சென்னையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பயணம் அரைமணி நீண்டதாகவும், கொழும்பிலிருந்து மீளும் பயணம் அரைமணி குறுகியதாகவும் தோன்றும். வானூர்தி விரைந்ததுமில்லை, தாழ்த்ததுமில்லை. ஒரே ஞாயிற்றின் கீழ் ஒரே நெடுக்கோட்டில் உள்ள நகர்கள் வேறு வேறு மணி காட்டின, அவ்வளவே. ஆண்டைக் குறிக்காமல் பயண நேரத்தை மட்டும் எடுத்தாளுதல் பிழைக்கு இடந்தரும்.

மீண்டும் திறந்த வழி

2019 அக்டோபர் 17ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணப் பன்னாட்டு வானூர்தி நிலையமாகத் திறக்கப்பெற்றது. நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் நிறுவனம் சென்னையிலிருந்து முறையாகப் பறந்தது. நாற்பத்தோராண்டு இடைவெளிக்குப் பின் என இதழ்கள் எழுதின. அவ்வழி நான்கு திங்கள் மட்டுமே நிலைத்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் நின்று, 2022 திசம்பர் 12ஆம் நாள் மீண்டும் தொடங்கிற்று. 2024 செப்டம்பர் முதல் இண்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கலாயிற்று. 2025 மார்ச் இறுதியில் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் ஒரு வழி திறந்தது.

இவ்வழியிற் பறப்பவை சுழல்விசிறி பூட்டிய ஏ.டி.ஆர். வகை வானூர்திகள். பெரிய தாரை வானூர்திகட்கு ஏற்ற நீளத்தில் பலாலி ஓடுபாதை செப்பனிடப்படாமையே காரணம். இவ்வகையின் விரைவு மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 43 நிமிடமே வரும். அட்டவணையோ ஒன்றேகால் மணி என்கின்றது. நிலத்தில் ஊர்தல், மேலெழுதல், இறங்குமுறைக்குச் சுற்றுதல் ஆகியவை எஞ்சிய பொழுதைக் கொள்கின்றன. இத்தகைய குறுவழியில் நடுவானின் விரைவு பெரும்பயன் தருவதில்லை. 1947இல் டக்கோட்டாவுக்கு யாம் கணக்கிட்ட ஒன்றரை மணியுடன் இதனை ஒப்பிட்டால், முக்கால் நூற்றாண்டுப் பொறியியல் வளர்ச்சி இவ்விரு நகர்க்கிடையே ஈட்டித்தந்தது கால்மணிப் பொழுதே ஆகும். நிலையத்துக்கு முன்னதாகவே வந்து சோதனைக்கு உட்பட வேண்டிய பொழுதைச் சேர்த்தால் அக்கால்மணியும் எஞ்சாது. 2018இல் சென்றவரோடு ஒப்பிட்டால் மட்டுமே ஈட்டம் மிகப் பெரிது. ஒன்றைப் பொறி தந்தது. மற்றொன்றை வழி தந்தது.

கடல்வழியும் ஓரளவு மீண்டுள்ளது. 2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டது. ஏறத்தாழ 60 கடல் மைல், அஃதாவது 110 கிலோமீட்டர். நான்கு மணிப் பொழுது. புகாரிலிருந்து மணிபல்லவம் சென்ற கலங்களின் வழிக்கு மிக அணித்தான வழி இது. ஆயின் தொடங்கிய சில நாளிலேயே வடகிழக்குப் பருவம் வந்தமையால் அக்கப்பல் நிறுத்தப்பட்டது. 2024 ஆகத்து 16ஆம் நாளிலேயே, சோழகம் வீசும் திங்களில், வேறொரு கப்பலுடன் மீண்டும் தொடங்கிற்று. வாடை தொடங்கும் ஐப்பசியில் தோணியைக் கரையேற்றிய வல்வெட்டித்துறைத் தண்டையல்மார் இவ்வட்டவணையைக் கண்டிருப்பின், தாம் அறியாதது ஏதும் அதில் இல்லை என்றே கூறியிருப்பர்.